ரிவர்ஸ் ஸ்விங்

ரிவர்ஸ் ஸ்விங் என்பது கிரிக்கெட்டில் தேய்ந்த பந்து, காற்றில் வழக்கத்துக்கு நேர்மாறான திசையில் வளைந்து செல்வதைக் குறிக்கும். புதிய பந்து அதன் தையல் காட்டும் பக்கமாக வளைகிறது. பழைய பந்தை வேகமாக வீசும்போது, தையல் காட்டும் திசைக்கு எதிர்ப்பக்கமாக அது வளைவதுண்டு. கையைப் பார்த்து ஆடும் மட்டையாளருக்கு இது பெரிய பொறி. இந்தக் கலை அறிமுகமான காலத்தில் ஆட்ட உலகம் அதை ஏமாற்று வேலை என்றே சந்தேகித்தது. அந்தச் சந்தேகத்தில் பாதி அறியாமை. மீதி அடியோடு பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

பந்து ஏன் வளைகிறது?

கிரிக்கெட் பந்தின் நடுவே ஆறு வரிசைத் தையல் ஓடுகிறது. அது தோலின் மட்டத்தைவிடச் சற்று மேடாக நிற்கும். பந்துவீச்சாளர் இந்தத் தையலை மட்டையாளரை நோக்கி நேராக வைக்காமல், ஏறத்தாழ 20 பாகை ஒரு பக்கமாகச் சாய்த்து வீசுகிறார்.

பறக்கும் பந்தின் மேற்பரப்பை ஒட்டி மிக மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கும். இதை எல்லைப் படலம் என்பர். இக்கருத்தை ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் 1904இல் முன்வைத்தார். இந்தப் படலம் பந்தை எந்த இடத்தில் விட்டு விலகுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வழவழப்பான பக்கத்தில் காற்று சீராக ஓடி, சீக்கிரமே பந்தை விட்டு விலகிவிடும். தையல் உள்ள பக்கத்தில் காற்று மேட்டில் தட்டிக் கொந்தளிக்கிறது. கொந்தளித்த படலத்துக்கு ஆற்றல் கூடுதல் என்பதால், அது பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டே போகும். இரு பக்கமும் காற்று வெவ்வேறு இடத்தில் விலகுவதால், பந்தின் பின்னால் செல்லும் காற்றோட்டம் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. பந்து மறுபக்கம், அதாவது தையலின் பக்கம், தள்ளப்படுகிறது. இதுவே வழக்கமான ஸ்விங்.

வேகம் மிகவும் கூடினால் கதை மாறுகிறது. தையலை அடைவதற்கு முன்பே காற்று இரு பக்கமும் கொந்தளித்துவிடும். அப்போது தையல் உதவியாக இல்லாமல் இடைஞ்சலாகிறது: ஏற்கெனவே கொந்தளித்த படலத்தை அது தடிப்பாக்கி வலுவிழக்கச் செய்கிறது. எனவே தையல் பக்கத்துக் காற்று முதலில் விலகுகிறது. பந்து எதிர்ப்பக்கம் வளைகிறது.

புதிய பந்தில் இது நிகழ மணிக்கு ஏறத்தாழ 145 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தைத் தொடுபவர்கள் உலகில் சிலரே. ஆனால் காற்றை எதிர்கொள்ளும் பக்கம் தேய்ந்து சொரசொரப்பாக இருந்தால், காற்று முன்கூட்டியே கொந்தளிக்கும்; அதைவிடக் குறைந்த வேகமே போதும். அதனால்தான் அணிகள் பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் துணியில் தேய்த்து மெருகேற்றி, மறுபக்கத்தைத் தேய விடுகின்றன.

பந்து கடைசி நொடியில் 'சட்டென்று' திரும்புவதாக வர்ணனையாளர்கள் சொல்வது வழக்கம். உண்மையில் பக்கவாட்டு விசை தொடக்கத்திலிருந்தே செயல்படுகிறது. பாதி தூரம் வந்த பந்து மொத்த விலகலில் கால் பங்கையே காட்டியிருக்கும்; மீதி முக்கால் பங்கும் பிற்பாதியில் வெளிப்படும். வேகப்பந்து அரை வினாடிக்குள் மட்டையாளரை அடைந்துவிடுவதால், அந்தப் பிற்பாதியில் அவர் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள நேரமே இருப்பதில்லை. மேகமூட்டமும் ஈரப்பதமும் ஸ்விங்கைக் கூட்டும் என்ற நம்பிக்கையும் வலுவானது. சோதனைகளில் அது இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை.

லாகூரிலிருந்து லண்டன் வரை

இந்த உத்தியை உருவாக்கிய பெருமை பொதுவாகப் பாகிஸ்தானின் சர்ஃப்ராஸ் நவாஸுக்குத் தரப்படுகிறது. 1979 மார்ச்சில் மெல்போர்ன் டெஸ்டில் 382 ஓட்டங்களைத் துரத்திய ஆஸ்திரேலியா 3 விக்கெட்டுக்கு 305 என்ற நிலையிலிருந்து 310க்குச் சுருண்டது. சர்ஃப்ராஸ் அந்த இன்னிங்ஸில் 86 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் எடுத்தார். அவரிடமிருந்து இம்ரான் கானும், இம்ரானிடமிருந்து வாசிம் அக்ரமும் வக்கார் யூனிஸும் இதைக் கற்றனர். புல்லற்ற, வறண்ட பாகிஸ்தான் ஆடுகளங்களில் பந்து விரைவில் தேயும். புதிய பந்து அங்கு அதிகம் உதவாது. பழைய பந்தில் வழி தேடியது தேவையின் விளைவு.

1992இல் பாகிஸ்தான் இங்கிலாந்தில் டெஸ்ட் தொடரை 2-1 என வென்றபோது, அக்ரமும் வக்காரும் பந்தைச் சேதப்படுத்துவதாக ஆங்கிலப் பத்திரிகைகளில் குற்றச்சாட்டுகள் எழுந்தன. இதன் இயற்பியலோ அதற்கு முன்பே ஆய்வுக்கு வந்திருந்தது. பள்ளியில் இம்ரானுடன் படித்தவரும் பின்னர் நாசாவில் பணியாற்றியவருமான ரவீந்திர மேத்தா, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கத்தில் பந்துகளைச் சோதித்து, சக ஆய்வாளர்களுடன் 1983இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டிருந்தார். 2005 ஆஷஸ் தொடரில் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபும் சைமன் ஜோன்ஸும் இதே ரிவர்ஸ் ஸ்விங்கால் ஆஸ்திரேலியாவைத் திணறடித்தபோது, இங்கிலாந்தில் அது திறமை என்று கொண்டாடப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் மாறியது இயற்பியல் அல்ல, வீசிய கைகள்.

எது அனுமதி, எது குற்றம்?

செயற்கைப் பொருள் எதையும் பயன்படுத்தாமல் பந்தை மெருகேற்றலாம். நடுவரின் மேற்பார்வையில் சேற்றை நீக்கலாம். ஈரத்தைத் துணியால் ஒற்றலாம். நகத்தால் கீறுவதும், தையலைத் தூக்குவதும், தரையில் தேய்ப்பதும் குற்றம். ஆனால் சொரசொரப்பு தானாக வந்ததா, வரவழைக்கப்பட்டதா என்பது காற்றுக்குத் தெரியாது, பலன் ஒன்றே. தூண்டுதல் அங்கேதான் இருக்கிறது. 1981இல் ஒரு கவுண்டி ஆட்டத்தில் பாட்டில் மூடியால் பந்தைச் சுரண்டியதை இம்ரான் கானே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018 மார்ச்சில் கேப்டவுன் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் கேமரன் பான்கிராஃப்ட் உப்புத்தாளுடன் கேமராவில் சிக்கினார். அவருக்கு ஒன்பது மாதமும், ஸ்டீவ் ஸ்மித்துக்கும் டேவிட் வார்னருக்கும் ஓராண்டும் தடை விதிக்கப்பட்டது.

கொரோனா காலத்தில், 2020இல், சர்வதேச ஆட்டங்களில் எச்சில் தடவி மெருகேற்றுவது தடைசெய்யப்பட்டது. 2022இல் அத்தடை நிரந்தரமானது. இப்போது வியர்வை மட்டுமே வழி. ஒருநாள் ஆட்டங்களில் 2011 முதல் இரு முனைகளிலும் தனித்தனிப் புதிய பந்து பயன்படுத்தப்பட்டதால், ஒவ்வொன்றும் 25 ஓவர்களே தேய்ந்தது. ரிவர்ஸ் ஸ்விங் ஏறக்குறைய மறைந்தேபோனது. 2025இல் மாற்றப்பட்ட விதிப்படி முதல் 34 ஓவர்களுக்கு இரு பந்துகளும், பிறகு அவற்றில் ஒன்று மட்டும் இறுதிவரையும் பயன்படுத்தப்படுகின்றன.