ஃபார்மட் போடச் சொல்லும் முன்

கணினி திறக்கவில்லை என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் முதலில் காதில் விழுவது "ஃபார்மட் போட்டுடலாமா?" என்ற கேள்விதான். உடனே தலையாட்டாதீர்கள், ஃபார்மட் போட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளும் போய்விடும். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களின் வாழ்வுச் சான்றிதழ், குடியுரிமைத் தாள், பிறப்புப் பதிவு நகல் எல்லாம் புதுச்சேரியில் பல வீடுகளில் பிள்ளைகளின் மடிக்கணினியில்தான் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றை மறுபடி பெற, பிரான்சின் நாந்த் நகரப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கணினி திறக்காததும் கோப்புகள் அழிந்ததும் ஒன்றல்ல. இன்றைய கணினிகளில் விண்டோஸை எழுப்பிவிடும் கோப்புகள் இஎஃப்ஐ என்ற சிறு பகுதியில் தனியாக இருக்கின்றன. பெரும்பாலும் 100 முதல் சில நூறு எம்பி அளவுதான். அது மட்டும் கெட்டிருந்தால் உங்கள் ஆவணங்கள் பக்கத்துப் பகுதியில் பத்திரமாகவே இருக்கும்.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். உபுண்டு போன்ற லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, 'நிறுவாமல் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதையொட்டி எஃப். இந்தக் கட்டளை வட்டைப் படிக்க மட்டுமே செய்யும். எதையும் எழுதாது, அழிக்காது. திரையில் வரும் பட்டியலில் விஃபேட் என்றிருப்பது பெரும்பாலும் இஎஃப்ஐ பகுதி, என்டிஎஃப்எஸ் விண்டோஸ் பகுதி, இஎக்ஸ்டி4 லினக்ஸ் பகுதி. பென்டிரைவும் அதில் தெரியும், குழம்ப வேண்டாம். வட்டே பட்டியலில் வராவிட்டால் கோளாறு வட்டிலோ இணைப்பிலோ பயாஸ் அமைப்பிலோ இருக்கலாம். ஃபார்மட் அதற்கும் மருந்தல்ல.

பிட்லாக்கர் என்று காட்டினால் அந்தப் பகுதி பூட்டப்பட்டிருக்கிறது. 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உரிமையாளராலும் திறக்க முடியாது. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள்.

யூடியூபைப் பார்த்து எம்கேஎஃப்எஸ், டிடி கட்டளைகளைத் தட்டிவிடாதீர்கள். அவை வட்டின் மேல் எழுதுபவை. எஸ்எஸ்டி வட்டில் ஃபார்மட் போட்டபின் பழைய கோப்புகளை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். பயமாக இருந்தால், புதுச்சேரியின் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தினரைப் போல லினக்ஸ் தெரிந்தவர்களை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கடையில் கொடுக்கும்போது ரசீதிலேயே 'என் எழுத்துச் சம்மதமின்றித் தரவை அழிக்கக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். கேட்காமல் அழித்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதைச் சேவைக் குறைபாடு என்று வழக்காடலாம். முதலில் 1915 என்ற உதவி எண். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. அனுமதியின்றிப் படங்களை நகலெடுத்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்கீழ் சைபர் குற்றப் பிரிவுக்குப் போகலாம். ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் மட்டும் அழித்துவிடாதீர்கள்.