சிமோன் பைல்ஸ் பாதியில் விலகியது ஏன்? ‘ட்விஸ்டீஸ்’ என்றால் என்ன?

பெரிய போட்டியில் ஒருவர் தடுமாறினால் போதும், கமெண்ட்டுகள் குவிந்துவிடும். “பிரஷர் தாங்க முடியலைன்னா எதுக்கு விளையாட வரணும்?” என்பது அடிக்கடி கண்ணில்படும் கேள்வி. 2021-ல் இதே கேள்வியை எதிர்கொண்டவர் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ். அவருக்கு உண்மையில் என்ன ஆனது?

டோக்கியோவில் நடந்தது என்ன?

2016 ரியோ ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்றவர் பைல்ஸ். அடுத்த ஒலிம்பிக்கிலும் எல்லாத் தங்கமும் அவருக்குத்தான் என்று பலரும் முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். கொரோனாவால் போட்டி ஓராண்டு தள்ளிப்போனது. அரங்கில் ரசிகர்கள் இல்லை, குடும்பமும் கூட வரமுடியவில்லை.

2021 ஜூலை 27, மகளிர் அணி இறுதிப்போட்டி. வால்ட் பிரிவில் பைல்ஸ் காற்றில் இரண்டரை முறை உடலைத் திருப்ப வேண்டும். ஒன்றரையோடு நின்றுவிட்டது. தடுமாறித் தரையிறங்கியவர், போட்டியிலிருந்து விலகினார். அமெரிக்காவுக்கு வெள்ளிதான் கிடைத்தது.

அது என்ன ‘ட்விஸ்டீஸ்’?

அந்தரத்தில் சுழலும்போது உடல் எங்கே இருக்கிறது, தரை எந்தப் பக்கம் என்ற உணர்வே திடீரென அறுந்துபோவதைத்தான் ஜிம்னாஸ்ட்கள் இப்படிச் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பழகிய அசைவுகூட வராது. மன அழுத்தம் இதற்கு ஒரு காரணமாகலாம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிற விஷயமும் இல்லை, வாரக்கணக்கில்கூட நீடிக்கலாம்.

‘சமாளிச்சு ஆடியிருக்கலாமே?’

கிரிக்கெட்டில் கவனம் சிதறினால் விக்கெட் போகும். ஜிம்னாஸ்டிக்ஸில் கழுத்தே முறியலாம். சோவியத் வீராங்கனை எலெனா முகினா 1978-ல் உலக சாம்பியன் ஆனவர். கால் முறிவு முழுதாகக் குணமாகும் முன்பே கடும் பயிற்சிக்குத் திரும்பினார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டே வாரம் இருந்தபோது, பயிற்சியில் தலைகுப்புற விழுந்தார். கழுத்துக்குக் கீழ் செயலிழந்து, 2006-ல் இறக்கும்வரை அப்படியேதான் வாழ்ந்தார். அப்போது அவருக்குத் தேவைப்பட்டது ஓய்வு. கிடைத்தது அழுத்தம்.

பைல்ஸ் மீண்டது எப்படி?

விலகிய பிறகும் பைல்ஸ் அரங்கை விட்டுப் போகவில்லை. அணித் தோழிகளை உற்சாகப்படுத்திக்கொண்டு அங்கேயே நின்றார். ஆகஸ்ட் 3-ல் பேலன்ஸ் பீமில் மட்டும் களமிறங்கி, உடலைத் திருப்பத் தேவையில்லாத எளிய முடிவைத் தேர்ந்தெடுத்து வெண்கலம் வென்றார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் போட்டிகளுக்கே வரவில்லை. மனநல ஆலோசகரிடம் தொடர்ந்து பேசி வந்தார்.

2024 பாரிஸில் 27 வயதில் 3 தங்கம், 1 வெள்ளி. டோக்கியோவில் அவர் இடத்தை நிரப்பி ஆடிய ஜோர்டன் சைல்ஸ், சுனிசா லீ இருவரும் பாரிஸில் அணித் தங்கம் வென்றபோதும் உடனிருந்தனர்.

ரசிகர்கள் என்ன செய்யலாம்?

கால் உடைந்தவரை “ஓடு” என்று நாம் சொல்வதில்லை. கட்டு தெரிகிறது, அதனால் புரிகிறது. மனதுக்குக் கட்டு கிடையாது, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆட்டத்தை விமர்சிக்கலாம், தப்பில்லை. ஆனால் “கோழை”, “நாட்டை ஏமாத்திட்டாங்க” என்று டைப் செய்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். அந்த வார்த்தையைப் படிக்கப்போவது, அன்று தோற்ற வலியோடு அறைக்குத் திரும்பி போனைக் கையில் எடுக்கும் ஒரு மனிதர்.