ஐம்பது இருக்கைகளின் கணக்கு

தாணேயில் வாழும் நாம் கோலாப்பூருக்குச் செல்ல வேண்டுமெனில், மகாலட்சுமி விரைவு வண்டியில் ஓர் இரவைக் கழிப்பதே நெடுநாள் வழக்கம். மும்பைக்கும் கோலாப்பூருக்கும் இடையே ஸ்டார் ஏர் நிறுவனம் 2022 அக்டோபரில் விமான சேவையைத் தொடங்கியபோது, அந்த இரவு ஏறக்குறைய ஒரு மணி நேரமாகச் சுருங்கிற்று. இதே தடத்தில் அதற்கு முன்னரும் சேவைகள் தொடங்கி நின்றதுண்டு. ஆகவே, சிறு நகரங்களை நம்பி ஒரு விமான நிறுவனம் வளர்வது எவ்வாறு என்று சிந்திப்பது நமக்குப் பயன்தரும்.

கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த சஞ்சய் கோடாவத் குழுமத்தின் அங்கமான ஸ்டார் ஏர், 2019 ஜனவரி 25 அன்று பறக்கத் தொடங்கியது. ஹூப்ளி, பெலகாவி போன்ற நகரங்களைப் பெருநகரங்களுடன் இணைப்பதே அதன் நோக்கம். அதற்கென அது தேர்ந்தெடுத்தது 50 இருக்கைகள் கொண்ட எம்பிரேயர் 145 வகை விமானம். 2023இல்தான் 76 இருக்கைகள் கொண்ட எம்பிரேயர் 175 வகைக்கு முன்னேறியது.

சிறிய விமானம் ஏன்? ஒரு சிறு நகரிலிருந்து ஒரு வேளைக்கு 40 பேர் பயணம் செய்வதாகக் கொள்வோம். 180 இருக்கைகள் கொண்ட விமானத்தில் அது 22 விழுக்காடே, நட்டம் உறுதி. 50 இருக்கைகள் கொண்ட விமானத்திலோ அதுவே 80 விழுக்காடு. பயணிகள் மாறவில்லை, முதலீட்டின் அளவுதான் மாறியது.

அரசின் விதிகளும் சிறிய விமானங்களுக்குக் கைகொடுக்கின்றன. உள்நாட்டுச் சேவையில் 80க்கும் குறைந்த இருக்கைகள் கொண்ட விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணத்தில் விலக்கு உண்டு. எடை குறைந்த விமானங்களுக்கான எரிபொருள் மீது விற்பனை வரியும் குறைவு. 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் இச்சலுகைகளை நன்கு பயன்படுத்தி, எம்பிரேயர் விமானங்களால் சென்னையை மதுரை, கோவை முதலிய நகரங்களுடன் இணைத்தது. ஆயினும், விமானங்களைக் குத்தகைக்கு அளித்தோருடன் எழுந்த வழக்குகளுக்கிடையே 2010இல் அதன் சேவை நின்றுபோயிற்று. வரிச்சலுகை செலவைக் குறைக்குமேயன்றி, மாதந்தோறும் செலுத்த வேண்டிய குத்தகையைத் தள்ளிவைக்காது.

2016இல் அறிவிக்கப்பட்ட ‘உடான்’ திட்டத்தின் கீழ் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது. ஏறக்குறைய பாதி இருக்கைகளை உச்சவரம்புக்கு உட்பட்ட கட்டணத்தில் வழங்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. ஒரு மணி நேரப் பயணத்திற்குத் தொடக்கத்தில் ரூ. 2,500 நிர்ணயிக்கப்பட்டது. இதனால் ஏற்படும் பற்றாக்குறையை அரசு மூன்றாண்டுகளுக்கு ஈடுசெய்யும்.

கடல் கடந்த நாடுகளிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. கிரேக்க நாட்டின் சிறு தீவுகளுக்கு வணிக நோக்கில் மட்டும் விமானம் விடுவது கட்டுபடியாகாது. அரசு ஒப்பந்தப்புள்ளி கோரி, தேர்வாகும் நிறுவனத்திற்கு ஈட்டுத்தொகை வழங்குகிறது. கிரீட் தீவில் 2005இல் தோன்றிய ஸ்கை எக்ஸ்பிரஸ், 30 இருக்கைகளே கொண்ட விமானங்களுடன் இத்தகைய தடங்களில் பழகியது. பின்னர் ஏடிஆர் விமானங்களைச் சேர்த்துக்கொண்டு, 2020இல்தான் ஏர்பஸ் ஏ320 நியோ வகைக்கு வந்தது. படிப்படியாக உயர்ந்த வளர்ச்சி அது.

நம் நாட்டின் அனுபவம் எச்சரிக்கையூட்டுகிறது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ‘உடான்’ முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371 தடங்களில் மூன்றாண்டுகளை நிறைவு செய்தவை 112. அதன் பின்னரும், 2023 மார்ச் வரை, நீடித்தவை 54 மட்டுமே. விமானம் வந்துவிட்டதென்று நம்பித் தம் வணிகத் திட்டங்களை அமைத்துக்கொண்ட சிறு நகரத்தாருக்கு இந்த எண்கள் வெறும் புள்ளிவிவரங்கள் அல்ல.

விரைந்து வளர்வதிலும் இடர் உண்டு. கேப்டன் கோபிநாத் 2003இல் சிறிய ஏடிஆர் விமானங்களுடன் தொடங்கிய ஏர் டெக்கான், எளிய மக்களை வானேற்றிய பெருமைக்குரியது. விரைவிலேயே அது ஏர்பஸ் விமானங்களையும் சேர்த்துப் பெருகியது. நட்டமும் உடன் பெருகியது. 2007இல் அதன் பங்குகள் கைமாறின. அதை இணைத்துக்கொண்ட கிங்ஃபிஷர் நிறுவனமும் 2012இல் பறப்பதை நிறுத்தியது.

வாக்ளே எஸ்டேட்டில் பட்டறை நடத்துபவராயினும், மாட்டுங்காவில் உணவகம் நடத்துபவராயினும், கடன் பெற்றுத் தொழிலை விரிவாக்க எண்ணும் வாடிக்கையாளர் எவருக்கும் இக்கணக்கு பொருந்தும். இன்று கிடைக்கும் தேவைக்கேற்ற அளவில் இயந்திரத்தை வாங்குவோம். மானியத்தை நிலையான வருமானமாகக் கொள்ளாது, அது முடியும் நாளைத் திட்ட அறிக்கையிலேயே குறித்து வைப்போம். அந்த நாளுக்குப் பிறகும் தவணையைச் செலுத்தத் தொழிலின் சொந்த வரவு போதுமா என்று பார்ப்போம். போதுமெனில், விரிவாக்கத்தில் துணிந்து இறங்கலாம்.