வர்ணத்துக்கு முன் வரலாறு

பழைய பைபர் கிளாஸ் பாய்மரப் படகைப் புதுப்பிக்க முற்படுவோர் முதலில் வர்ணத்தையே தேடுகின்றனர். தேடப்பட வேண்டியது அதன் பூர்வீகமாகும் என்பதை நாம் நினைவூட்ட விரும்புகின்றோம்.

அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டப்படும் படகுகளுக்கு, எழுத்துகளும் இலக்கங்களுமாக 12 குறிகள் கொண்ட அடையாளக் குறியீடு கட்டாயமாகும். படகின் பின்னால் நின்று நோக்கினால், பின்புறச் சுவரின் வலது மேற்பகுதியில் அதனைக் காணலாம். முதல் மூன்று குறிகள் தயாரிப்பாளரையும் இறுதி நான்கு காலத்தையும் சுட்டுகின்றன.

கவனமின்றித் தேய்த்தால் இக்குறியீடு அழிந்துவிடும். தடித்த வர்ணம் அதனை மறைத்துவிடும். படகின் வகை தெரியாவிடில் பாய்க்கும் சுக்கானுக்கும் உரிய அளவுகளைப் பெறுவது கடினமாகும். ஆகவே, தேய்க்குமுன் குறியீட்டை எழுதிவைத்துப் படமும் எடுத்துக்கொள்வதே விவேகமாகும். வர்ணத்தை மீண்டும் பூசலாம். அழிந்த அடையாளத்தை மீட்பது எளிதன்று.