பூக்காத மரத்துக்கு மூன்று ஆண்டு மானியம்

ஆய்வு மானிய விண்ணப்பங்களின் முடிவுத் திகதி நெருங்கும்போதெல்லாம் மாத்தளைப் பக்கத்திலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் தலைகாட்டுகிறது. நோக்கத்தையும் முறையியலையும் தடையின்றி எழுதுகிறவர்கள் கால அட்டவணைக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலான போட்டி மானியங்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கின்றன. மாத்தளையின் பயிர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. மிளகுக் கொடி காய்க்கத் தொடங்கவே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும்.

சாதிக்காயின் நிலை இன்னும் கடினம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் தருவது பெண் மரம் மட்டுமே. விதையிலிருந்து முளைத்த நாற்று எது என்பது பூத்தால்தான் தெரியும். அதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகலாம். நட்டவற்றில் பாதியளவு ஆணாகிவிடும். அத்தனை காலம் உரமிட்டுக் காத்திருந்த தோட்டக்காரர் கடைசியில் கோடரியை எடுக்கிறார். நாற்றிலேயே பாலினத்தைக் கண்டறிய வழி தேடுவது எவரும் மெச்சும் ஆய்வுக் கேள்விதான். ஆனால் நாற்றை நட்டு, அது பூக்கும்வரை காத்திருந்து நிரூபிப்பதாக எழுதினால், முடிவு வருவதற்கு முன்பே மானியம் தீர்ந்துவிடும்.

கெட்டிக்கார முன்மொழிவு இங்கேதான் பிரிந்து தெரிகிறது. அது காலத்தை இடமாக மாற்றுகிறது. மாத்தளை வீட்டுத் தோட்டங்களில் பூத்து, காய்த்து, பாலினம் தெரிந்த மரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. அவற்றின் இலைகளைப் பறித்து, ஆண் பெண் என்று எழுதாமல் இலக்கம் மட்டும் ஒட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். மரபணு அடையாளத்தை வைத்து ஆய்வுகூடம் சொல்லும் விடையைத் தோட்டத்துப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். எட்டு ஆண்டு வேலை இரண்டு ஆண்டுக்குள் அடங்கும்.

இந்த உத்திக்கு ஒரு பலவீனமும் உண்டு. மரங்கள் எல்லாம் ஒரே தாய்மரத்தின் வாரிசுகளாக இருந்தால், அங்கே பொருந்திய அடையாளம் வேறு ஊரில் பொய்க்கலாம். மதிப்பீட்டாளர் இதைக் கட்டாயம் கேட்பார். அவர் கேட்குமுன் விண்ணப்பதாரரே எழுதி, தூரத்துத் தோட்டங்களிலும் மாதிரி எடுப்பதாகச் சொல்லிவிட வேண்டும்.

இடமாக மாற்ற முடியாத கேள்விகளும் இருக்கின்றன. ஒரு மிளகு வர்க்கம் பத்து ஆண்டு வறட்சியையும் நோயையும் தாங்குமா என்பதைப் பத்து ஆண்டு பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அத்தகைய வேலை மாத்தளையில் உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் போன்ற, சொந்த நிலமும் நிரந்தர ஊழியர்களும் உள்ள இடங்களுக்கே உரியது. போட்டி மானியம் அதற்கு மாற்றாகாது. ஆராய்ச்சிக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம் என்ற இலக்கு பலமுறை சொல்லப்பட்டது, செலவானதோ 0.1 சதவீதத்தை ஒட்டியே இருந்துவந்திருக்கிறது. நீண்டகாலக் கேள்விகள் கைவிடப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

‘எதிர்பார்க்கப்படும் தாக்கம்’ என்ற பகுதியில் ஏற்றுமதி வருமானம் உயரும் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு ஆண்டு ஆய்வால் அது உயர்ந்தது என்று எவராலும் நிறுவ முடியாது. எந்த நாற்றுமேடை, எந்த விவசாயிகள், எதை மாற்றிச் செய்வார்கள் என்று எழுதினால் போதும்.

பாதீட்டில் இறக்குமதிப் பொருட்களைத் தனியாகக் காட்டி, டொலர் விலையையும் விலைமனுவின் திகதியையும் குறிப்பிடுவது நல்லது. 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாயில் உறுதி செய்யப்பட்ட மானியத்தால் வாங்கக்கூடிய இரசாயனம் அந்த இரண்டு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகிப் போனது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

விவசாயி விண்ணப்பிக்கலாமா? முதன்மை ஆய்வாளர் பொதுவாக ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். விவசாயி பங்காளியாகச் சேரலாம்.

நக்கிள்ஸ் காட்டில் மாதிரி எடுக்க மானியக் கடிதம் போதுமா? போதாது, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

தோட்டக்காரரின் சம்மதப் படிவம் எந்த மொழியில்? அவர் வாசிக்கும் மொழியில், தமிழோ சிங்களமோ.

நிராகரிக்கப்பட்டால்? மதிப்பீட்டாளரின் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, திருத்தி, அடுத்த சுற்றில் மீண்டும் அனுப்புங்கள்.