காலி இடம் நகரும் விதம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் வட்டியூர்க்காவு பஸ் நிற்கிறது. கால் வைக்க இடமில்லை. ஜன்னலோரம் இருந்தவர் ஏதோ நினைவு வந்து எழுந்து இறங்குகிறார். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலோரம் நகர்கிறார். அவர் விட்ட இடத்தில், கம்பியைப் பிடித்து நின்றவர் உட்காருகிறார். கம்பியருகே படிக்கட்டுக்காரர் ஏறிக்கொள்கிறார். கவனித்துப் பாருங்கள்: ஆட்கள் உள்ளே போகப் போக, காலி இடம் வாசலை நோக்கி வந்திருக்கிறது.

இதற்குச் சமூகவியலில் 'காலியிடச் சங்கிலி' என்று பெயர். அமெரிக்கத் தேவாலயங்களின் போதகர் பதவிகளை ஆராய்ந்த ஹாரிசன் ஒயிட், 1970இல் வெளியான நூலில் இதை விளக்கினார். ஒரு பதவி காலியானால் பயன் ஒருவரோடு நிற்பதில்லை. வரிசையாகப் பலருக்குக் கிடைக்கிறது.

கடற்கரையில் இதே சங்கிலியைத் துறவி நண்டுகள் நடத்துகின்றன. இவற்றுக்குச் சொந்த ஓடு வயிற்றை மூடாது. நத்தைகள் விட்டுச்சென்ற கூடுகளில்தான் குடியிருக்கும். பெரிய கூடு ஒன்று கரை ஒதுங்கினால், அதற்குப் பொருந்தாத சிறிய நண்டு விலகிப் போகாமல் பக்கத்திலேயே காத்திருக்கும். மேலும் பல நண்டுகள் வந்து, பெரியது முன்னும் சிறியது பின்னுமாக ஒன்றையொன்று பிடித்தபடி நிற்கும். சரியான அளவுள்ள நண்டு வந்து பெரிய கூட்டில் புகுந்ததும், மொத்த வரிசையும் சில நொடிகளில் வீடு மாறிவிடும். கடைசியில் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத ஒரு கூடு.

2019இல் திருவனந்தபுரத்திலும் இப்படியொரு சங்கிலி ஓடியது. கேரளத்தின் வடக்கே உள்ள வடகரை மக்களவைத் தொகுதியில் உறுப்பினராக இருந்த முல்லப்பள்ளி ராமச்சந்திரன் போட்டியிடவில்லை. அந்த இடத்துக்கு வட்டியூர்க்காவு சட்டமன்ற உறுப்பினர் கே. முரளீதரன் போய் நின்று வென்றார். ஒருவர் இரண்டு அவைகளிலும் நீடிக்க முடியாது. 14 நாளுக்குள் சட்டமன்றத்தை விடவில்லையென்றால் மக்களவை இடம் பறிபோகும். அவர் சட்டமன்றத்தை விட்டார், வட்டியூர்க்காவு காலியானது. அங்கே இடைத்தேர்தலில் நின்று வென்றவர் திருவனந்தபுரம் மேயர், மார்க்சிஸ்ட் கட்சியின் வி.கே. பிரசாந்த். உடனே மேயர் நாற்காலி காலி; மாமன்ற உறுப்பினர் கே. ஸ்ரீகுமார் அதில் அமர்ந்தார். வடகரையில் புறப்பட்ட காலி இடம் தலைநகரின் மாநகராட்சி வரை வந்து சேர்ந்தது.

கட்சிகளும் நண்டுகளைப் போலவே முன்கூட்டிக் காத்திருப்பவை. கேரளத்தில் வேட்பாளர் பெயர் முடிவாகும் முன்பே சுவருக்கு வெள்ளையடித்து, கட்சிப் பெயரோடு 'புக்ட்' என்று எழுதிவிடுவார்கள். பெயருக்கான இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். தேதியும் ஓரளவு கணிக்கக்கூடியதே: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவின்படி, காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும். அவையின் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் இந்தக் கட்டாயமில்லை.

ஆனால் ஒப்புமை இத்தோடு நின்றுவிடுகிறது. நண்டு வரிசையில் பெரியதுதான் முதலில் புகும். 2016இல் வட்டியூர்க்காவில் காங்கிரஸ் 7,622 வாக்கு வித்தியாசத்தில் வென்றது, பா.ஜ.க. இரண்டாவது, மார்க்சிஸ்ட் கட்சி மூன்றாவது. காலியான இடத்துக்கு அடுத்த உரிமை இரண்டாவதாக வந்தவருக்கே என்று வரிசைக் கணக்கு சொல்லும். 2019 அக்டோபர் 21 வாக்குப்பதிவில் அந்தக் கணக்கு கலைந்தது. மூன்றாமிடத்துக் கட்சி 14,465 வாக்கு வித்தியாசத்தில் முதலில் வந்தது, பா.ஜ.க. மூன்றாமிடத்துக்கு இறங்கியது.

மூன்றே ஆண்டில் வரிசையைப் புரட்டிப் போட்டவர்கள் வாக்காளர்கள். கூடு யாருக்கென்று நண்டுகளின் உடலளவு முடிவு செய்கிறது. தொகுதி யாருக்கென்று முடிவு செய்வது, அந்த வட்டியூர்க்காவு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவரின் விரல்தான். இடைத்தேர்தல்தானே என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். சுவரை எந்தக் கட்சியும் முன்பதிவு செய்யலாம். தொகுதியை எந்தக் கட்சியும் முன்பதிவு செய்ய முடியாது.