திரைக்குப் பின்னால் ஒரு கழுத்து

பொம்மலாட்டம் பார்க்கிற நமக்கு ஆட்டுகிறவரின் முகம் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அந்தக் கலையின் ஏற்பாடே. அவருடைய தலையும் காலும் திரைக்குள் மறைந்த பிறகுதான் பொம்மைக்கு உயிர் வருகிறது. அரிச்சந்திரன் மயானத்தில் நிற்கும்போது நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோமே தவிர, அந்த அரிச்சந்திரனைத் தாங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்குக் கழுத்து வலிக்குமே என்று எண்ணுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கழுத்தைப் பற்றியது. கூடவே தோள், இடுப்பு, தொண்டை ஆகியவற்றைப் பற்றியும்தான்.

கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது நூலாலும் ஆட்டுவது, கம்பியாலும் ஆட்டுவது. இந்தியாவின் மரபான நூல் பொம்மைகளிலேயே உருவத்திலும் எடையிலும் பெரியவை நம்முடையவைதான். நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் உள்ள பொம்மைகள்கூட உண்டு. கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கினாலும், பட்டும் நகையும் ஜடையும் சேரும்போது எடை ஏறிவிடுகிறது. பொம்மையின் நூல்கள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். அந்த வளையத்தைக் கலைஞர் கிரீடம்போலத் தலையில் மாட்டிக்கொள்கிறார். பொம்மையின் கைகளை ஆட்ட இரண்டு கம்பிகளை இரண்டு கைகளில் பிடித்துக்கொள்கிறார். அவர் தலை அசைந்தால் பொம்மை அசையும், அவர் குனிந்தால் பொம்மை வணங்கும். சுருங்கச் சொன்னால், நம் பொம்மலாட்டக்காரர் ஆட்டுவது கையால் மட்டுமல்ல, கழுத்தாலும்.

புதுதில்லி ரயில் நிலையத்துப் போர்ட்டர் இதைவிட எத்தனையோ மடங்கு சுமக்கிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் போர்ட்டரின் சுமை நேர் உச்சியில் உட்கார்ந்து, முதுகெலும்பு வழியாக நேராகக் கீழே இறங்குகிறது. அவரும் பார்வையை நேரே வைத்து, நிமிர்ந்து நடக்கிறார். பொம்மலாட்டக்காரருக்கோ சுமை எதிரில் தொங்குகிறது. பொம்மையின் கால் தரையில் படுகிறதா என்று பார்க்க அவர் குனிந்தாக வேண்டும். மனிதத் தலையே ஏறக்குறைய 5 கிலோ எடை உள்ளது. நிமிர்ந்திருக்கும்போது அதை எலும்பு தாங்கிக்கொள்ளும், குனிந்துவிட்டால் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அதோடு ஒரு பொம்மையையும் கட்டித் தொங்கவிட்டு, தாளத்துக்கு ஆடவும் சொன்னால் என்ன ஆகும்!

கையின் கதை வேறு. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வைத்துவிடுகிறோம், சிரமம் தெரிவதில்லை. அதே வாளியைப் பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றால் கை நடுங்குகிறது. தசை சுருங்கிச் சுருங்கி விரியும்போது அதற்குள் ரத்தம் தாராளமாக வந்து போகும். சுருங்கியபடியே நின்றுவிட்டால் ரத்தக் குழாய்கள் நசுங்கி, தசை பட்டினி கிடக்கும். பொம்மலாட்டத்தில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது வகைதான். சபையில் ராஜா வசனம் பேசும்போது பக்கத்தில் நிற்கும் மந்திரி அசையக் கூடாது அல்லவா? மந்திரியைப் பிடித்திருப்பவருக்குத்தான் அன்று தோள் அதிகம் வலிக்கும். கையை நீட்டியபடியும் தூக்கியபடியும் வருஷக்கணக்கில் உழைத்தால் தோள்மூட்டின் தசைநாண்கள் உரசி வீங்குகின்றன. நாற்பது வயதுக்கு மேல், அதிலும் சர்க்கரை வியாதி இருந்தால், தோள் இறுகிப்போய்க் கையை உயர்த்தவே முடியாத நிலையும் வரலாம். அதற்கு மேல் அந்தக் கலைஞர் ஹார்மோனியத்தின் பக்கம் உட்கார வேண்டியதுதான்.

நம் கொலு பொம்மைகள் வைத்த இடத்திலேயே நிற்பதால் யாருக்கும் தோள் வலி வருவதில்லை, பரணிலிருந்து பெட்டியை இறக்குகிற குடும்பத் தலைவரைத் தவிர!

ஒவ்வொரு வகை ஆட்டமும் உடம்பில் ஒவ்வோர் இடத்தைப் பதம் பார்க்கிறது. தலைநகரில் ஷாதிப்பூர் டெப்போ அருகே 2017 வரை இருந்த கட்புத்லி காலனியை நம்மில் பலர் பஸ்ஸில் கடந்து போயிருப்போம். அங்கே வாழ்ந்த ராஜஸ்தானிக் கலைஞர்களின் பொம்மைகள் சிறியவை. எடை ஒரு பிரச்சினையே அல்ல. ஆனால் மேலிருந்து குனிந்தபடியே ஆட்ட வேண்டியிருப்பதால் இடுப்பு போய்விடும். வாயில் வைத்து ஊதும் ‘போலி’ என்ற சீழ்க்கை மூச்சை வாங்கிவிடும். வங்காளத்தின் கோல் பொம்மையில் கலைஞர் இடுப்பில் ஒரு மூங்கில் குழியைக் கட்டி, பொம்மையின் கோலை அதில் ஊன்றிக்கொள்கிறார். தலைமட்டத் திரைக்குப் பின்னால் பொம்மையோடு சேர்ந்து தாமும் ஆடுகிறார், பாடுகிறார். அவருக்கு வேண்டியது காலும் மூச்சும்.

கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து நமக்கு நெருங்கிய சொந்தம். கம்பராமாயணத்தை வைத்து நடத்துவதாயிற்றே. 42 அடி நீளக் கூத்துமாடத்தில் 21 விளக்குகள் எரிய, அந்தச் சூட்டிலும் புகையிலும் ஒரு சிலரே இரவு முழுவதும் பாடிப் பேசி ஆட்டுவார்கள். தொடர்ந்து 21 இரவுகள் நடத்தும் இடங்களும் உண்டு. அங்கே முதல் சோதனை தூக்கத்துக்குத்தான். அதே கேரளத்தில் நோக்குவித்தை பாவகளி என்று இன்னொன்று இருக்கிறது. மேலுதட்டில் ஒரு குச்சியை நிறுத்தி, அதன் நுனியில் பொம்மைகளை ஆட்டுவது. அதற்காக 2020-இல் பத்மஸ்ரீ பெற்றவர் மூழிக்கல் பங்கஜாக்ஷி. வயதான பிறகு தாம் ஆட முடியாமற் போனபோது பேத்திக்குக் கற்றுக்கொடுத்தார். கண்ணும் உதடும் ஒத்துழைக்கும் வரைதான் அந்தக் கலை.

இத்தனை கடினமான வேலையை முன்னோர்கள் எந்தத் தேகப்பயிற்சியும் இல்லாமல் செய்யவில்லையா? செய்தார்கள். அவர்களுக்குத் தொழிலே பயிற்சியாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். பையன் சிறு வயதில் பெட்டி தூக்குவான், பிறகு சின்னப் பொம்மையைப் பிடிப்பான், மீசை முளைத்த பிறகுதான் ராஜா பொம்மை அவன் தலைக்கு வரும். திருவிழாக் காலத்தில் ராத்திரிக்கு ராத்திரி ஆட்டம். உடம்பு தானாகப் பழகிவிடும். இன்றைக்கு நிலைமை அப்படியா? ஆட்டங்கள் குறைந்துவிட்டன. பல கலைஞர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு, அழைப்பு வரும்போது மட்டும் பெட்டியைத் திறக்கிறார்கள். மாதக்கணக்கில் கடையிலோ ஆபீஸிலோ உட்கார்ந்திருந்த கழுத்தில் திடீரென்று ஒரு மாலை 10 கிலோவைத் தொங்கவிட்டால் அது பொறுக்குமா? ஆட்டம் அதிகமாகி வலி வருகிறது என்று நாம் நினைக்கிறோம். எனக்குத் தோன்றுவது, ஆட்டம் குறைந்ததால்தான் வலி வருகிறது. அதனால் தொழில் தானாகக் கொடுத்த பழக்கத்தை இப்போது தனியாக நேரம் ஒதுக்கித் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் பெரிய பொம்மைகளை மூட்டை கட்டிவிட்டுச் சின்னப் பொம்மைகளோடு நிறுத்திக்கொள்ளும் காலம் வந்துவிடும்.

உடம்பைப் படிப்படியாகப் பழக்குவதை ஓர் ஒழுங்காகவே வைத்திருப்பவர்கள் ஜப்பானியர்கள். அவர்களுடைய புன்ராகு ஆட்டத்தில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர். ஒருவர் கால்களுக்கு, ஒருவர் இடது கைக்கு, மூத்தவர் தலைக்கும் வலது கைக்கும். காலுக்குப் பத்து வருஷம், இடது கைக்குப் பத்து வருஷம் உழைத்த பிறகுதான் தலை கைக்கு வரும் என்பது அங்கே வழக்கு. பெரிய வீரர் பொம்மைகளின் பாரத்தை மூத்தவரின் இடது கையே தாங்க வேண்டும். அவர் உயரமான மரச் செருப்புப் போட்டுக்கொள்கிறார். பொம்மை உயர்ந்தால், காலாட்டுகிறவர் அவ்வளவு குனிய வேண்டாம் அல்லவா? கதை சொல்லிப் பாடுகிறவரோ வயிற்றைத் துணியால் இறுகக் கட்டி, அதற்குள் ஒரு சிறு மணல் பையைச் செருகிக்கொள்கிறார், அடிவயிற்றிலிருந்து குரல் எழும்ப. 1972 முதல் அங்கே புதியவர்களுக்கு இரண்டு வருஷப் பயிற்சித் திட்டமும் நடந்து வருகிறது.

நம் கலைஞர்களும், பள்ளிகளில் பொம்மலாட்டம் கற்பிக்கும் ஆசிரியர்களும், வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. கழுத்துக்கு முதலில். உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளுங்கள். தலை அசையாமல் எதிர்த்து நிற்கட்டும். ஆறு எண்ணும் வரை போதும். பிறகு பின்தலையில், அடுத்து இரண்டு பக்கமும். மூச்சை அடக்க வேண்டாம். தலையை வட்டமாகச் சுழற்றுவதும், கழுத்து பலப்படும் என்று சிரசாசனத்தில் இறங்குவதும் வேண்டாம் என்பேன். ஏற்கெனவே சுமக்கிற கழுத்துக்கு அது மேலும் தண்டனை.

தோளுக்கு, மேஜையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைக் கடிகாரத்து ஊசல்போலத் தளர்வாக ஆடவிடலாம். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றையொன்று தொடுவதுபோல இழுத்துப் பிடித்து விடலாம். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம். இடுப்புக்கும் தொடைக்கும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருவதைவிட எளிய பயிற்சி இல்லை. தினமும் அரை மணி வேக நடை மூச்சைக் கவனித்துக்கொள்ளும்.

ஆட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டால், ஆறு வாரம் முன்னதாகவே தலை வளையத்தை எடுத்துவிட வேண்டும். முதலில் வெறும் வளையம். பிறகு அதில் ஒரு சிறு மணல் பை, பத்து நிமிஷம். வாராவாரம் எடையும் நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறட்டும். முழுப் பொம்மை கடைசி இரண்டு வாரத்தில் வந்தால் போதும். காட்சிகளை அமைக்கும்போதே, கனத்த பொம்மையைப் பிடித்தவருக்கு அடுத்த காட்சியில் ஓய்வு வருமாறு பார்த்துக்கொள்வதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கழுத்து வலியோடு கை மரத்துப்போனாலோ, விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தாலோ, கம்பி கையிலிருந்து நழுவினாலோ, அது நரம்பின் முறையீடு. டாக்டரிடம் போக வேண்டும். முடி வெட்டும் கடையில் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் ‘சடக்’கென்று திருப்பிச் சுளுக்கு எடுப்பார்களே, அதற்கு மட்டும் தலையைக் கொடுத்துவிடாதீர்கள். கழுத்து நரம்புக்கும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்க்கும் ஆபத்து.

கைப்பொம்மை ஆட்டுகிற குழந்தைகளுக்கும் ஒரு வார்த்தை. 2006-இல் தொலைக்காட்சியில் வந்த ‘கலி கலி சிம் சிம்’ பொம்மைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். அந்த மாதிரிப் பொம்மைகளை ஆட்டுபவர் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே நிற்க வேண்டும். ஒரு சினிமாப் பாட்டு முடியும் வரை கையை உயர்த்தி வைத்துப் பாருங்கள், தெரியும். பிள்ளைகளின் ஒத்திகையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கையை இறக்கி உதறச் சொல்லுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்களும் கையை நெடுநேரம் உயர்த்தி வைப்பதைத் தவிர்ப்பது நல்லது, அப்போது இதயத்துக்கு வேலை கூடுகிறது.

கடைசியாக, ஊரிலிருந்து குழுவை வரவழைக்கும் நம்மைப் போன்ற சங்கங்களுக்கு. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தால் 30 மணி நேரத்துக்கு மேல் பயணம். பெட்டிகளுக்கு நடுவே முடங்கி வந்து இறங்கியவர்களை அன்று மாலையே மேடை ஏற்றுவது தர்மமாகாது. ஒரு நாள் முன்னதாக வரச் சொல்லுங்கள். பொங்கல் விழா என்றால் தில்லியில் ஜனவரிக் குளிர், தசைகள் விறைத்துக் கிடக்கும். மேடைக்குப் பின்னால் ஒரு ஹீட்டரும் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் இருக்கட்டும், தொண்டைக்கும் அதுதான் மருந்து. உபசாரம் என்று ஆட்டத்துக்கு முன்னால் வடை பாயசத்தோடு இலை போடாதீர்கள். இட்லி போதும், விருந்து ஆட்டம் முடிந்த பிறகு. தலைவர் உரையும் பொன்னாடையும் நீண்டுகொண்டே போனால், சூடேற்றிய உடம்பு மறுபடி குளிர்ந்துவிடும். வரவேற்புரையைப் பொம்மலாட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்ற நம் பிள்ளைகள் நாலைந்து பேர் போய் நிற்கட்டும்.